பயிற்சிக்குத் தண்ணீர், போட்டி நாளுக்கு வேறு கணக்கு

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, எடை 42 கிலோ. கால்பந்துக் குழு ஒன்றில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. வாரத்தில் நான்கு நாள் மாலையில் ஒன்றரை மணி நேரப் பயிற்சி. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரே நாளில் மூன்று ஆட்டங்கள். பிள்ளைகள் எல்லோரும் பயிற்சிக்கு ஸ்போர்ட்ஸ் டிரிங்க் கொண்டுவர வேண்டும் என்றும், ஆட்டத்துக்குச் சற்று முன்னால் ஒரு லிட்டராவது குடித்துவிட வேண்டும் என்றும் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். ஓடும்போது குடித்தால் விலாவில் பிடித்துக்கொள்ளும், முடிந்த பிறகு குடித்தால் போதும் என்கிறார் என் கணவர். போட்டி முடிந்த இரவுகளில் பையனுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. அது உப்புக் குறைவுதான், உப்பு மாத்திரை கொடுங்கள் என்கிறார் குழுவில் உள்ள இன்னொரு பையனின் தந்தை. மகனோ, மூத்த ஆட்டக்காரர்கள் குடிக்கிற எனர்ஜி டிரிங்க்தான் வேண்டும் என்கிறான். அவனுடைய பாட்டிலில் நான் எதை நிரப்புவது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மாலைப் பயிற்சிக்கு வெறும் தண்ணீரை நிரப்புங்கள். மூன்று ஆட்டங்கள் உள்ள ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், தண்ணீர் பாட்டிலோடு ஸ்போர்ட்ஸ் டிரிங்க் பாட்டில் ஒன்றையும் கொடுத்தனுப்பலாம். உப்பு மாத்திரையும் எனர்ஜி டிரிங்கும் உங்கள் மகனுக்கு எந்த நாளிலும் வேண்டாம். இந்த மூன்று வரிகளோடு நான் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் உங்களைச் சுற்றியுள்ள நான்கு பேரும் நான்கு விதமாகச் சொல்லும்போது, காரணம் தெரியாத விடையை வைத்துக்கொண்டு நீங்கள் யாரிடமும் பேச முடியாது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எதைக் குடிப்பது என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு இழக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். விளையாடும்போது தசைகள் உண்டாக்கும் வெப்பத்தை உடல் பெரும்பாலும் வியர்வையைக் கொண்டே வெளியேற்றுகிறது. வளர்ந்த ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை வியர்க்கலாம். வயது, உடல்வாகு, வெயில், காற்றின் ஈரப்பதம், ஓட்டத்தின் வேகம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். பருவமடையாத சிறுவர்களுக்கு இந்த அளவு குறைவு. ஒரே குழுவில், ஒரே மைதானத்தில், ஒரே பயிற்சியைச் செய்யும் இரண்டு பையன்களில் ஒருவன் மற்றவனைப் போல் இரண்டு மடங்கு வியர்ப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே 'எல்லோரும் ஒரு லிட்டர்' என்ற கட்டளை, அதைச் சொல்பவர் எவ்வளவு அக்கறையோடு சொன்னாலும், சிலருக்குக் குறைவாகவும் சிலருக்கு மிகுதியாகவும்தான் இருக்கும்.

அவனுடைய அளவை அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். வீட்டில் உள்ள எடை மெஷினே போதும். பயிற்சிக்குப் புறப்படும் முன் சிறுநீர் கழிக்கச் சொல்லி, உள்ளாடையோடு மட்டும் நிறுத்தி எடை பாருங்கள். திரும்பி வந்ததும் வியர்வையைத் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, நனைந்த ஜெர்சியையும் காலுறையையும் கழற்றியபின் மறுபடி எடை பாருங்கள். பாட்டிலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது 42.0 கிலோ, திரும்பும்போது 41.6 கிலோ, நடுவில் குடித்தது 400 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். எடையில் குறைந்த 400 கிராமோடு குடித்த 400 மி.லி.யைக் கூட்டினால், ஒன்றரை மணி நேரத்தில் அவன் இழந்த வியர்வை ஏறக்குறைய 800 மி.லி. என்று வருகிறது, மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல். இடையில் சிறுநீர் கழித்திருந்தால் கணக்கு கொஞ்சம் பிசகும், பரவாயில்லை. வெயில் கடுமையாக உள்ள நாளில் ஒருமுறை, மேகமூட்டமான நாளில் ஒருமுறை, போட்டி நாளில் ஒருமுறை பார்த்துவிட்டால் அவனுடைய போக்கு உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அதன் பிறகு தினமும் எடை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வளரும் பிள்ளையை நாள்தோறும் எடை மெஷினில் ஏற்றுவது வேறு கவலைகளுக்கு வழி வகுக்கும்.

இந்த எண்ணை வைத்து என்ன செய்வது? உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் நீர் குறையும்போது, குறிப்பாக வெயிலில், ஓடும் திறன் தளரத் தொடங்குகிறது என்பதே விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகோல். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வரம்பைத்தான் வைக்கிறது. 42 கிலோ எடைக்கு 2 சதவீதம் என்பது 840 கிராம். மேற்சொன்ன உதாரணத்தில் பையன் 400 கிராம்தான் குறைந்திருக்கிறான். ஒரு சதவீதம்கூட இல்லை. அதாவது, இழந்ததைத் துளி விடாமல் மைதானத்திலேயே ஈடுகட்ட வேண்டும் என்ற அவசியம் இல்லை. கொஞ்சம் குறைவாகவே வீடு திரும்பி, சாப்பாட்டோடு சேர்த்து மீதியைக் குடிப்பது இயல்பானது, பாதுகாப்பானதும்கூட. திரும்பும்போது எடை கூடியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி உப்பு. ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் வியர்வையில் போன உப்பை ஈடுகட்டத்தான் அதை வாங்குவதாக நினைக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். வியர்வையில் உள்ள சோடியம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறினாலும், ஒரு லிட்டருக்குச் சுமார் 900 மி.கி. என்பது பெரியவர்களுக்கு நடுத்தரமான மதிப்பு. சிறுவர்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. உங்கள் மகன் 800 மி.லி. வியர்த்தால் 700 மி.கி. அளவுக்குச் சோடியம் போயிருக்கலாம். சாதாரண உப்பாகச் சொன்னால் ஒன்றே முக்கால் கிராம். பழக்கமான ஸ்போர்ட்ஸ் டிரிங்க் அரை லிட்டரில் இருப்பதோ 225 மி.கி. சோடியமும் 30 கிராம் சர்க்கரையும். போன சோடியம் முழுவதையும் அதைக் கொண்டே மீட்க வேண்டுமானால் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும்; அதோடு 90 கிராமுக்கு மேல் சர்க்கரையும் உள்ளே போகும். 2000 கலோரி உண்ணும் ஒருவர் சேர்க்கப்பட்ட சர்க்கரையை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவுக்கு நிகரானது. அந்த ஒன்றே முக்கால் கிராம் உப்போ, வீட்டில் சமைத்த அடுத்த வேளை உணவிலேயே வந்துவிடுகிறது. இந்த வயதில், இந்த அளவு பயிற்சிக்கு, உப்புக்காக ஒரு பானத்தை நாடவேண்டிய தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பொட்டாசியம், மெக்னீசியம் என்று லேபிளில் பெரிதாக அச்சிடப்படுபவை வியர்வையில் போவது அதைவிடவும் குறைவு.

அப்படியானால் அந்தப் பானத்தை ஏன் உருவாக்கினார்கள் என்று கேட்கத் தோன்றும். 1965-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில், சிறுநீரக மருத்துவரான ராபர்ட் கேடும் அவருடைய சகாக்களும், கடும் வெப்பத்தில் கனமான கவச உடையோடு மணிக்கணக்கில் ஆடிச் சோர்ந்துபோகும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காகத் தயாரித்த கலவைதான் பிற்பாடு கேட்டரேட் என்ற பெயரில் கடைக்கு வந்தது. உடலால் மிகப் பெரிய இளைஞர்கள், நீண்ட நேரம், வெயில், லிட்டர் கணக்கில் வியர்வை என்று எல்லாம் ஒன்று சேர்ந்த சூழலுக்கு அது நியாயமான விடை. அதன் பின்னால் உறுதியான உடலியங்கியலும் இருக்கிறது: சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே நுழைவதற்கென்றே ஒரு வாயில் உண்டு, இரண்டும் நுழையும்போது நீரும் உடன் செல்கிறது. ஆகவே அளவான சர்க்கரையும் கொஞ்சம் உப்பும் கலந்த நீரைக் குடல் விரைவாக ஏற்கிறது. ஓடும் தசைக்கு எரிபொருளும் கிடைக்கிறது. கலவையில் பிழை இல்லை. மாலையில் ஒன்றரை மணி நேரம், அதிலும் பாதி நேரம் வரிசையில் நின்று பந்துக்காகக் காத்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அதை அன்றாடப் பழக்கமாக்கியதுதான் பிழை.

அவனுடைய தசையிலும் ஈரலிலும் சேமித்துள்ள மாவுச்சத்தே அந்தப் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும், பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பாக ஏதாவது சாப்பிட்டிருந்தால். பள்ளியிலிருந்து நேராக மைதானத்துக்குப் போகிறவன் மதியத்துக்குப் பிறகு எதையும் உண்ணாமல் ஓடிவிட்டு, தலை சுற்றுகிறது என்று சொன்னால், அங்கே குறை பானத்தில் இல்லை, சாப்பாட்டில். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2011-இல் வெளியிட்ட அறிக்கையில், பிள்ளைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் பொதுவாகத் தண்ணீரே முதல் தேர்வு என்றும், ஸ்போர்ட்ஸ் டிரிங்கை வழக்கமாகக் குடிப்பதைத் தவிர்க்கவோ குறைக்கவோ வேண்டும் என்றும், எனர்ஜி டிரிங்குக்கு அவர்களுடைய உணவில் இடமே இல்லை என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பயிற்சியாளரிடம் பேசும்போது இந்த அறிக்கை உங்களுக்குக் கைகொடுக்கும். பல்லையும் மறக்க வேண்டாம்: இந்தப் பானங்கள் புளிப்பானவை, வாரம் நான்கு நாள் ஒன்றரை மணி நேரம் மிடறு மிடறாகப் பல்லில் பட்டுக்கொண்டே இருந்தால் எனாமல் அரிக்கப்படும். பல் மருத்துவர்கள் இதைப் பற்றி விளையாட்டு வீரர்களிடம் அடிக்கடி புலம்புகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேறு கணக்கு. மூன்று ஆட்டங்கள், இடையில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், வெயில், பதற்றத்தில் சரியாகச் சாப்பிடாத காலைப் பொழுது. முதல் ஆட்டத்தில் எவ்வளவு குடித்தாலும் மூன்றாம் ஆட்டத்தில்தான் பலன் தெரியும். அன்று காலை, முதல் ஆட்டத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பாக, உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 7 மி.லி. என்ற கணக்கில் குடிக்கலாம். உங்கள் மகனுக்கு அது 210 முதல் 300 மி.லி. வரை, அதாவது ஒரு பெரிய தம்ளர். அவ்வளவுதான், பயிற்சியாளர் சொல்லும் ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆட்டத்துக்குச் சற்று முன்னால் ஒரு லிட்டரை மடக் மடக்கென்று குடித்தால் அதில் ஒரு பகுதி கழிவறைக்குப் போகும், மீதி வயிற்றில் குலுங்கிக்கொண்டிருக்கும். ஆட்டம் தொடங்கிய பிறகு, இடைவேளையிலும் ஆட்டம் நின்ற நேரங்களிலும் சில மிடறுகள் குடிக்கட்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களுக்கு 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 100 முதல் 250 மி.லி. வரை என்பது அதே குழந்தைநல மருத்துவக் கழகம் தரும் உத்தேச அளவு. வெயில் குறைந்த நாளில் அதில் கீழ் எல்லையே போதும்.

முதல் ஆட்டத்துக்குத் தண்ணீரே போதும். இரண்டாம் ஆட்டத்தின் இடைவேளையிலிருந்து ஸ்போர்ட்ஸ் டிரிங்கை எடுக்கலாம். நாள் முழுவதற்கும் சேர்த்து அரை லிட்டரோ சற்றுக் கூடுதலோ போதும், மற்றதெல்லாம் தண்ணீராக இருக்கட்டும். ஆட்டங்களுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் கிடைத்தால், பானத்தைவிட, எளிதில் செரிக்கக்கூடிய, கொஞ்சம் உப்புள்ள சிற்றுணவும் ஒரு பழமும் தண்ணீரும் சேர்ந்து அதே வேலையை நன்றாகச் செய்யும். இங்கே உப்புக்கு ஒரு தனி வேலை உண்டு: வெறும் தண்ணீரை நிறையக் குடிக்கும்போது இரத்தம் சற்று நீர்த்து, தாகம் சீக்கிரம் அடங்கிவிடும், குடித்ததில் ஒரு பகுதி சிறுநீராகவும் போய்விடும், கூடவே உப்பு உள்ளே போனால் நீர் உடலில் தங்கும். ஒரு ஆட்டத்தில் அரை கிலோ குறைந்தான் என்றால், அடுத்த ஆட்டம் விரைவில் உள்ள நாளில், அதைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 750 மி.லி. வரை, இடைவெளி முழுவதும் பரப்பிக் குடிக்கலாம். முழுவதையும் குடிக்க அவனுக்கு விருப்பம் இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். நாள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு தம்ளர் பால் கொடுத்தால் நல்லது. பாலில் உள்ள புரதமும் சோடியமும் நீரை உடலில் தங்க வைக்கின்றன என்பதும், அந்த வகையில் அது வெறும் தண்ணீரை விஞ்சுகிறது என்பதும் ஆய்வுகளில் காணப்பட்டவை.

கடையில் எந்தப் பாட்டிலை எடுப்பது என்று கேட்பீர்கள். முன்பக்கத்தில் உள்ள மின்னல் படத்தையும் வீரரின் முகத்தையும் விட்டுவிட்டு, பின்பக்கத்துச் சிறிய எழுத்துக்கு வாருங்கள். '100 மி.லி.க்கு' என்ற பத்தியை மட்டும் பாருங்கள். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தி பாட்டிலின் பாதியை மட்டும் குறிக்கக்கூடும் என்பதால் ஏமாற்றும். அதில் சர்க்கரை 6 முதல் 8 கிராம் வரையும், சோடியம் 40 முதல் 50 மி.கி. வரையும் இருந்தால் அது விளையாட்டுக்கென்று தயாரித்த பானம். சர்க்கரை 10 கிராமைத் தாண்டினால் அது மைதானத்துக்கு ஏற்றதல்ல. கோலா வகைகளும் பெரும்பாலான பழச்சாறுகளும் இந்தக் கணக்கில்தான் வரும். அடர்த்தியான சர்க்கரைக் கரைசல் இரைப்பையிலிருந்து மெதுவாகவே இறங்கும். பழச்சாற்றில் மிகுதியாக உள்ள ஃப்ரக்டோஸைக் குடல் தாமதமாக ஏற்பதால் சிலருக்கு வயிறு உப்பும், கலக்கவும் செய்யும். வீட்டில் பழச்சாறுதான் இருக்கிறது என்றால், அதே அளவு தண்ணீர் சேர்த்து, இரண்டு சிட்டிகை உப்பும் போட்டு நீர்க்கச் செய்து கொடுக்கலாம். ஞாயிறன்று கடைப் பானத்துக்கு அது நல்ல மாற்று. சர்க்கரையே இல்லாத, எலெக்ட்ரோலைட் எனப்படும் தாது உப்புகள் கொண்ட மாத்திரை கரைத்த தண்ணீர் கெடுதல் இல்லை, ஆனால் எரிபொருளும் இல்லை. அதற்கும் தண்ணீருக்கும் உங்கள் மகனைப் பொறுத்தவரை உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சுவைதான். தூள் வாங்கிக் கரைக்கிறீர்கள் என்றால் டப்பாவில் உள்ள கரண்டியால், சொன்ன அளவு தண்ணீரில் மட்டும் கரையுங்கள். கூடுதலாக ஒரு கரண்டி போட்டால் கூடுதல் சக்தி என்று நினைத்து, பையன் பாதி ஆட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த கதைகள் எனக்கு வாரம் ஒன்று வருகின்றன.

சுவையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சிறுவர்கள் வெறும் தண்ணீராக இருந்தால் தேவையைவிடக் குறைவாகவே குடிப்பதும், மணமும் சுவையும் இருந்தால் கூடுதலாகக் குடிப்பதும் உண்மைதான். எடை பார்த்ததில் உங்கள் மகன் ஒவ்வொரு முறையும் 2 சதவீத வரம்பை ஒட்டியே திரும்புகிறான், தண்ணீரைத் தொடவே மாட்டேன் என்கிறான் என்றால், பாட்டிலில் கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றையோ சில பழத்துண்டுகளையோ போட்டுப் பாருங்கள். குளிர்ந்த நீராகக் கொடுங்கள். பத்துப் பதினைந்து டிகிரி குளிர்ச்சியில் இருக்கும் தண்ணீரை, வெயிலில் கிடந்து சூடான தண்ணீரைவிடப் பிள்ளைகள் விரும்பிக் குடிப்பார்கள். முந்திய இரவே பாட்டிலில் பாதியை உறைய வைத்துவிட்டுப் புறப்படும்போது மீதியை நிரப்பினால் பயிற்சி முடியும்வரை குளிர்ச்சி நிற்கும்.

உங்கள் கணவரின் பேச்சில் ஒரு பாதி சரி. ஒரே மூச்சில் நிறையக் குடித்துவிட்டு ஓடினாலும், அடர்த்தியான இனிப்புப் பானத்தைக் குடித்துவிட்டு ஓடினாலும் விலாவில் பிடிப்பு வரும் வாய்ப்புக் கூடுகிறது. அதற்கு விடை குடிக்காமலே ஓடுவதல்ல, சிறிய மிடறுகளாகக் குடிப்பது. வயிறும் அதற்குச் சில வாரங்களில் பழகிவிடும். நீண்ட தூர ஓட்டக்காரர்களைத் தண்ணீர் குடிக்க விடாமல் ஓட வைப்பதைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கருதிய காலம் ஒன்று இருந்தது. உங்கள் கணவர் கேட்டு வளர்ந்தது அதன் எச்சமாக இருக்கலாம். இன்று கால்பந்தின் ஆட்ட விதிகளே ஒரு நிமிடத்துக்கு மிகாத தண்ணீர் இடைவேளையையும், கடும் வெப்பத்தில் ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரையிலான குளிர்விக்கும் இடைவேளையையும் அனுமதிக்கின்றன. 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் மோதிய ஆட்டத்தை வெப்பம் காரணமாக நடுவர் நிறுத்தி, வீரர்களைக் குடிக்க அனுப்பியதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

அடுத்தது கெண்டைக்கால். தசைப்பிடிப்புக்கு உப்புக் குறைவும் நீர்க் குறைவுமே காரணம் என்பது மிகப் பழைய நம்பிக்கை. ஆனால் பிடிப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் சோதித்துப் பார்த்தபோது, இரு சாராரின் இரத்தத்திலும் சோடியத்தின் அளவிலும் நீரின் அளவிலும் சொல்லிக்கொள்ளும் வேறுபாடு பெரும்பாலும் தென்படவில்லை. பழக்கத்துக்கு மீறிய உழைப்பால் களைத்த தசைக்கும் அதை இயக்கும் நரம்புக்கும் இடையிலான கட்டுப்பாடு குலைவதே பெரும்பாலான பிடிப்புகளுக்குக் காரணம் என்ற கருத்துதான் இன்று வலுவாக இருக்கிறது. அவனுக்குப் பயிற்சி நாள்களில் பிடிக்காமல், மூன்று ஆட்டம் ஆடிய இரவில் மட்டும் பிடிக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதும் அதையே காட்டுகிறது. பிடித்தால் முழங்காலை நீட்டி, பாதத்தின் விரல்களை மெல்ல முழங்காலை நோக்கி மடக்கி வைத்திருங்கள், அடங்கிவிடும். மிகக் கடுமையாக வியர்த்து, ஜெர்சி காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புத் தடம் விடுகிற சில ஆட்டக்காரர்களுக்கு உப்பின் பங்கும் இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அவனுடைய கறுப்பு நிற உடையைக் காய்ந்த பிறகு கவனியுங்கள்; அப்படித் தடம் இருந்தால் போட்டி நாள் உணவில் உப்பைச் சற்றுக் கூட்டினால் போதும். உப்பு மாத்திரை இரைப்பையை உறுத்தும், குமட்டலும் வாந்தியும் தரும். வாந்தி எடுத்தால் இருக்கிற நீரும் போகும்.

உப்பு மாத்திரை கேட்கிறவர்கள் அடுத்து ஓ.ஆர்.எஸ். பொடியைக் கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 1700 மி.கி.க்கு மேல் சோடியமும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். ஸ்போர்ட்ஸ் டிரிங்கைவிடச் சோடியம் ஏறக்குறைய நான்கு மடங்கு, சர்க்கரை நான்கில் ஒரு பங்குக்கும் கீழ். வயிற்றுப்போக்கில் உயிர் காக்கும் அந்த அளவு, விளையாடும் பிள்ளைக்குத் தேவையில்லாதது. ஞாயிறு முழுவதும் ஆடிவிட்டுத் தலைவலியோடு, ஒன்றும் சாப்பிடப் பிடிக்காமல் படுத்துக்கிடக்கும் மாலையில் ஒரு தம்ளர் கொடுப்பதில் தவறில்லை; தினசரிப் பாட்டிலில் கரைக்காதீர்கள்.

எனர்ஜி டிரிங்க் விஷயத்தில் நான் இளக்கம் காட்டப்போவதில்லை. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் பலர் அதை ஸ்போர்ட்ஸ் டிரிங்கின் வலுவான வகை என்று எண்ணுகிறார்கள். அது காஃபீனும் சர்க்கரையும் கலந்த வேறொரு பொருள். பரவலாக விற்கும் 250 மி.லி. டின்னில் சுமார் 80 மி.கி. காஃபீன், 27 கிராம் சர்க்கரை. பிள்ளைகளுக்கு ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. காஃபீன் வரை கவலைக்குரியதல்ல என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் கூறியது. உங்கள் மகனுக்கு அது 126 மி.கி.; அரை லிட்டர் டின் ஒன்றே அதைத் தாண்டிவிடும். வெயிலில் ஓடி ஏற்கெனவே வேகமாகத் துடிக்கும் இதயத்தோடு காஃபீனையும் சேர்ப்பது, இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது, அடுத்த நாள் களைப்பைப் போக்க மறுபடி அதையே தேடுவது என்று அது தொடரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் லிட்டருக்கு 150 மி.கி.க்கு மேல் காஃபீன் உள்ள பானங்களின் லேபிளிலேயே பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று அச்சிட வேண்டும். மூத்த ஆட்டக்காரர்கள் குடிக்கிறார்களே என்று மகன் வாதாடினால், இந்த லேபிளை அவனையே படிக்கச் சொல்லுங்கள்.

திரும்பும்போது எடை கூடியிருப்பதைப் பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். குறைவாகக் குடிப்பதன் ஆபத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வியர்வையை மிஞ்சிக் குடிப்பதன் ஆபத்தைப் பற்றி மைதானங்களில் பேச்சே இல்லை. சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத வேகத்தில் நீர் உள்ளே போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கும் நிலைவரை போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைப் பந்தய முடிவில் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள் ஆகியோரிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. 2005-இல் வெளியான அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது, குடித்தது தண்ணீரா ஸ்போர்ட்ஸ் டிரிங்கா என்பது பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை என்பதே. ஸ்போர்ட்ஸ் டிரிங்கின் சோடியமும் இரத்தத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு என்பதால், அதை மிகுதியாகக் குடித்தாலும் இரத்தம் நீர்க்கத்தான் செய்யும். எனவே, 'உப்புள்ள பானம்தானே, எவ்வளவு குடித்தால் என்ன' என்ற சமாதானம் செல்லாது. தாகம் எடுக்கும்போது குடிக்கட்டும், இடைவேளை கிடைக்கும்போது சில மிடறுகளை நினைவூட்டுங்கள், போதும் என்றால் விட்டுவிடுங்கள்.

ஆட்டத்தின்போதோ முடிந்த பிறகோ பையன் தலைவலி, குமட்டல், கைவிரல்களில் வீக்கம் என்று சொல்லி, அதற்கு முன் நிறையக் குடித்திருக்கிறான் என்று தெரிந்தால், மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெயிலில் ஆடியவன் தடுமாறுகிறான், பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறான் என்றால் அது வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். வாயில் எதையும் ஊற்ற முயலாமல், நிழலுக்குக் கொண்டுபோய், குளிர்ந்த நீரில் அமிழ்த்தியோ நீரை ஊற்றி விசிறியோ உடலை உடனே குளிர்விக்கத் தொடங்கிவிட்டு ஆம்புலன்சை அழையுங்கள். இந்த இரண்டையும் குழுவின் மற்றப் பெற்றோருக்கும் சொல்லிவையுங்கள்.

பயிற்சியாளரிடம் போகும்போது எடை பார்த்த சீட்டை எடுத்துச் செல்லுங்கள். அவர் வெயிலில் பிள்ளைகள் மயங்கிவிடக் கூடாது என்ற பயத்தில் ஒரு பொது விதியை வைத்திருக்கிறார். அந்தப் பயம் நியாயமானது. ஸ்போர்ட்ஸ் டிரிங்க் கட்டாயம் என்பதற்குப் பதிலாக, ஒவ்வொருவருக்கும் பெயரெழுதிய சொந்தப் பாட்டில், 20 நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லோரும் குடிக்க ஒரு நிறுத்தம் என்று கேட்டுப் பாருங்கள். ஒரே பாட்டிலை வரிசையாக வாய் வைத்துக் குடிப்பதையும் அதோடு நிறுத்திவிடலாம். புதிதாக வெயிலுக்கு வந்த பருவத்தின் முதல் பத்துப் பதினான்கு நாள்களில் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டச் சொல்லுங்கள்; உடல் வெப்பத்துக்குப் பழகும்போது வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பும் குறையும். எந்தப் பானமும் அந்த நாள்களுக்கு ஈடாகாது.

மகனுக்கு நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு ஏதாவது இருந்தாலோ, கவனக்குறைவுக்கோ வலிப்புக்கோ தொடர்ந்து மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ, நான் மேலே தந்திருக்கும் அளவுகள் பொருந்தாமல் போகலாம். அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் இந்த எண்களைக் காட்டிக் கேட்ட பிறகு தொடங்குங்கள். ஸ்போர்ட்ஸ் டிரிங்கை முதன்முதலாகப் போட்டி நாளில் கொடுத்துப் பார்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கு முந்திய பயிற்சி ஒன்றில் ஒருமுறை குடிக்க வைத்து, வயிறு அதை ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.